முன்பணமும் மூன்று பேஸ் மோட்டாரும்

அன்றைக்கு அங்கே இருந்தவர்கள் ஐந்து பேர். சாயப்பட்டறை முதலாளி. அவரிடம் வேலை பார்க்கும் சாயக்காரப் பெரியவர். பெரியவரின் மனைவி, சாயம் ஏறிய பட்டு நூல் கழிகளை அலசிப் பிழிந்து கொடியில் போடுவது அந்த அம்மாவின் வேலை. முள்ளிப்பட்டிலிருந்து வந்திருந்த என் தாய்மாமன். அப்புறம் நான். முதலாளி வீட்டில் மற்ற எல்லோரும் படவேட்டுக்குப் பொங்கல் வைக்கப் போயிருந்தார்கள். ஆறாவதாக ஒரு மோட்டார் இருந்தது. ஓடவில்லை.

சனிக்கிழமை மத்தியானம். திங்கட்கிழமை காலையில் நான் ராணிப்பேட்டையில் ஒரு தோல் தொழிற்சாலையில் எலெக்ட்ரீஷியனாகச் சேர வேண்டும். மாதச் சம்பளம், காக்கி உடுப்பு, ஞாயிற்றுக்கிழமை லீவு. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு இப்படி ஒரு வேலை இன்னொரு தடவை வராது என்று நானும் சொல்லிக்கொண்டிருந்தேன், வீட்டில் எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆனால் போக வேண்டுமென்றால் இந்த முதலாளி என்னை விட வேண்டும்.

எங்கள் ஊர்ப் பழக்கம் தெரிந்தவர்களுக்கு இது புரியும். தறிக்காரர் ஒருவர் முதலாளியிடம் முன்பணம் வாங்கிவிட்டால், அதைத் தீர்க்கிறவரை அந்தத் தறி வேறு யாருக்கும் நெய்யாது. வட்டி கிடையாது, பத்திரம் கிடையாது. வாங்கினவனும் ஓடமாட்டான், கொடுத்தவரும் விரட்டமாட்டார். எண்பதுகளின் தொடக்கத்தில் பாதி ஊர் இப்படித்தான் ஒருவரோடு ஒருவர் கட்டப்பட்டிருந்தது. நான் தறிக்காரன் இல்லை. மோட்டார் காயில் கட்டுகிறவன், ஸ்டார்ட்டர் பார்க்கிறவன். ஆனால் அப்பாவின் ஆபரேஷனுக்கு இவரிடம்தான் கை நீட்டினேன். அவருக்கும் பணம் கொடுக்கத் தெரிந்த வழி அது ஒன்றுதான். அதிலிருந்து இவருடைய பட்டறை மோட்டார் நின்றால், நான் எந்த ஊரில் எந்தக் கிணற்றில் இருந்தாலும் போட்டுவிட்டு வர வேண்டும்.

கழித்தது போக நானூறு ரூபாய் பாக்கி. அந்த நானூறு மாமாவின் மடியில் இருந்தது. தன் தறிக்குப் புது அச்சு வாங்க வைத்திருந்த பணம். அதைக் கட்டி என்னை மீட்டுக்கொண்டு போகத்தான் வந்திருந்தார். முதலாளியும் சம்மதித்திருந்தார். "மோட்டார ஓட உட்டுட்டு கணக்க முடிச்சிகினு போ" என்று சொல்லியிருந்தார்.

இதில் சிக்கல் என்னவென்றால், அந்த மோட்டாருக்குச் சில நாட்களுக்கு முன்புதான் நான் புதிதாகக் காயில் கட்டிக் கொடுத்திருந்தேன். கட்டின காயில் எரிந்தால் கட்டினவன் தன் செலவில் மறுபடி கட்டித் தர வேண்டும். செம்புக் கம்பி விலை என் தலையில் விழும். மோட்டாரை மேலே ஏற்றிப் பிரித்துக் கட்டி வார்னிஷ் காய்ந்து இறக்க ஒரு வாரம் ஆகும். திங்கட்கிழமை போய்விடும்.

"இன்னாபா, உன் மோட்டாரு பாட்டு பாடுது. ஓட மாட்டேங்குது" என்றார் முதலாளி.

"பாட்டு பாடுச்சின்னா சினிமாவுக்கு அனுப்புங்க மொதலாளி, நமக்கு எதுக்கு?" என்றார் மாமா. என் பயத்தைப் பார்த்துவிட்டால் மாமா உடனே வேடிக்கை பேச ஆரம்பித்துவிடுவார். அது என் பயத்தை அதிகமாக்கும் என்று அவருக்கு ஒருநாளும் தெரிந்ததில்லை.

சாயக்காரப் பெரியவர் சிரிக்கவில்லை. செப்பு அண்டாவுக்குள் கோல்களில் தொங்கின கழிகளைத் திருப்பிக்கொண்டே சொன்னார்: "அரக்குச் செவப்பு ஏறிகினு கீது தம்பி. எடுத்த கையோட ஓடுற தண்ணியில அலசணும். திட்டு விழுந்துச்சின்னா கல்யாணச் சேலைக்கு ஆவாது. ஜல்தி பாரு."

மேலே இருந்த தொட்டியில் தண்ணீர் கால்வாசிக்கும் கீழே போயிருந்தது.

மின்சாரம் வந்த வழியைச் சொல்லிவிடுகிறேன். தெருக் கம்பத்திலிருந்து மீட்டர். மீட்டரிலிருந்து வீட்டு முன்கட்டில் ஓர் அறைக்குள் இருந்த மெயின் சுவிட்ச். அங்கிருந்து சுவரைத் துளைத்துப் பின்கட்டுக்கு வந்து பட்டறைச் சுவரிலிருந்த ஸ்டார்ட்டர். ஸ்டார்ட்டரிலிருந்து கிணற்றுக்குள் இறங்கி மோட்டார். மேல்தொட்டியில் ஒரு மிதவை சுவிட்ச் உண்டு. தொட்டி நிறைந்தால் அது ஸ்டார்ட்டரை நிறுத்திவிடும். மெயின் சுவிட்ச் இருந்த அறையில்தான் முதலாளி பட்டு நூலையும் ஜரிகையையும் வைத்துப் பூட்டியிருந்தார். ஸ்டார்ட்டர் வரைக்கும் கரண்ட் வந்தால் அந்த அறையைத் திறக்க வேண்டிய வேலை இல்லை.

ஸ்டார்ட்டரில் டெஸ்டர் வைத்தேன். சிவப்பு பேஸில் எரிந்தது, மஞ்சளில் எரிந்தது, நீலத்தில் எரிந்தது. டெஸ்டரை நம்பாமல் டெஸ்ட் லேம்பை எடுத்தேன். இரண்டு பல்புகளை ஒன்றோடொன்று கட்டி நானே செய்துகொண்டது. இரண்டிரண்டு பேஸுக்கு நடுவில் மாற்றி மாற்றி வைத்தேன். எல்லாவற்றிலும் பளிச்சென்று எரிந்தது. மிதவை சுவிட்ச் கெட்டிருக்குமோ என்று, அதற்குப் போகும் இரண்டு ஒயரையும் கழற்றி ஒன்றாக முறுக்கினேன். பச்சைப் பட்டனை அழுத்தினேன். டக்கென்று ஸ்டார்ட்டர் பிடித்தது. கிணற்றுக்குள்ளிருந்து ம்ம்ம் என்று ஒரு முனகல் வந்தது. அவ்வளவுதான். கொஞ்ச நேரத்தில், பாரம் மிஞ்சினால் ஸ்டார்ட்டரை நிறுத்துகிற ஓவர்லோடு சூடேறித் தட்டிவிட்டது. முனகல் நின்றது.

கரண்ட் சரி. ஸ்டார்ட்டர் பிடிக்கிறது. மோட்டார் சுற்றவில்லை. மீதி இருப்பது நான் கட்டின காயில்.

"கெணத்துல எறங்கிப் பாக்குறேன் மொதலாளி" என்றேன்.

எங்கள் பக்கத்துக் கிணறுகளில் மோட்டார் மேலே இருக்காது. தண்ணீர் கீழே போகப் போக மோட்டாரும் பின்னாலேயே இறங்கும். அந்த வருஷம் ஆற்றில் மணல்தான் ஓடியது. அதனால் மோட்டார் கிணற்றுக்குள் ஆழத்தில், பாறையில் வெட்டின ஒரு திட்டில் உட்கார்ந்திருந்தது. சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் கல்படிகளில் குறுக்கே கால் வைத்து இறங்க வேண்டும். கையில் பிடிக்க ஒரு கயிறு. இறங்கும்போதெல்லாம் நான் ஏறுவதைத்தான் நினைப்பேன். கல் பெயர்ந்தால் என்ன, கயிறு இற்றுப்போயிருந்தால் என்ன, நான் கீழே இருக்கும்போது மேலே யாராவது தெரியாமல் பட்டனை அழுத்தினால் என்ன. ஒவ்வொன்றையும் ஒழுங்காக நினைத்து முடித்துவிட்டுத்தான் அடுத்த படியில் கால் வைப்பேன்.

திட்டில் இரண்டு பேர் நிற்க இடம் இல்லை. முதுகுக்குப் பின்னால் ஈரப் பாறை, முழங்காலுக்கு முன்னால் மோட்டார், கீழே கறுத்த தண்ணீர். மேலே வட்டமாக வானம். அதன் ஓரத்தில் மாமாவின் தலையும் முதலாளியின் தலையும்.

"மாப்ள, கீழ ஏ.சி. கீதாமே, நல்லா கீதா?" என்று மாமா கத்தினார்.

"சும்மா இருங்க மாமா."

ஷாஃப்டைக் கையால் சுற்றிப் பார்த்தேன். லேசாகச் சுற்றியது. பேரிங் பிடிக்கவில்லை, பம்பில் எதுவும் அடைக்கவில்லை. மூடியைக் கழற்றி மூன்று காயிலையும் லேம்பு வைத்துப் பார்த்தேன். மூன்றிலும் லேம்பு ஒரே மாதிரி எரிந்தது. பாடியில் கரண்ட் கசியவில்லை. வேறொருவனாக இருந்தால் காயில் நன்றாக இருக்கிறது என்று அத்தோடு எழுந்திருப்பான். எனக்கு நிம்மதி வரவில்லை. காயிலுக்குள்ளேயே இரண்டு சுற்று ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தால் இந்த லேம்பு காட்டாது. கட்டின அன்றைக்குக் கம்பியில் எங்காவது எனாமல் உரிந்திருந்ததா, இன்சுலேஷன் தாள் சரியாகச் செருகினேனா, அவசரத்தில் ஒரு சுற்று விட்டுப்போனதா என்று அங்கேயே உட்கார்ந்து யோசித்தேன். எரிந்த வார்னிஷ் வாசனை வருகிற மாதிரி இருந்தது. மூக்கை மோட்டாரின் மேலேயே வைத்தேன். வாசனை இல்லை. மூக்கை எடுத்தேன், வந்தது.

"அக்கா, பட்டன் அமுக்குங்க" என்று கத்தினேன். பெரியவரின் மனைவியைத்தான். ஸ்டார்ட்டர் பக்கத்தில் அவர் நின்றிருந்தார்.

மோட்டார் என் முழங்காலுக்கு முன்னால் முனகியது. ஓட முடியாத மோட்டார் முனகுவதை அவ்வளவு பக்கத்தில் கேட்டால் தெரியும். கால் கட்டின ஆடு திமிறுகிற மாதிரி உடம்பெல்லாம் அதிரும், இடத்தை விட்டு அசையாது. கையை வைத்தேன். சூடு ஏறிக்கொண்டே வந்தது. ஓவர்லோடு தட்டுகிறவரை கையை எடுக்கவில்லை.

மேலே ஏறி வந்தபோது முதலாளி முடிவு செய்துவிட்டார்.

"மேல ஏத்திடு. நாளைக்கி நாலு ஆளு சொல்லி உடுறேன். பிரிச்சிப் பாத்துடலாம்."

"மொதலாளி, திங்கக்கெழம எனக்கு…"

"ராணிப்பேட்ட எங்கனா ஓடிப்போவுதா? தண்ணி இல்லாம பட்டறைய மூடிட்டு நான் இன்னா பண்றது, நீயே சொல்லு." கோபமாகச் சொல்லவில்லை. அவர் எப்போதுமே கோபப்பட்டதில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன்.

மாமாவின் வேடிக்கை நின்றுவிட்டது. மடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "மொதலாளி, காச வாங்கிகினு புள்ளய உட்டுடுங்க. வேற ஆள வச்சி பாத்துக்கலாமே" என்றார் மெதுவாக.

"காயிலு கட்டுனவன் இங்க நிக்கிறான். வேற ஆளு வந்து இன்னா சொல்லுவான்? கட்டுனவன கேளும்பான்."

அது நியாயம்தான். நான் போய் ஸ்டார்ட்டர் முன்னால் உட்கார்ந்தேன். வேறு எங்கே உட்காருவது என்று தெரியவில்லை. பெரியவர் அடுப்பிலிருந்து விறகை இழுத்துத் தணித்தார். கழிகளை அண்டாவுக்குள்ளேயே வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் தள்ள முடியும் என்று அவர் முகத்தைப் பார்த்தால் தெரிந்தது.

"பேஜாரா போச்சே" என்றார் அவர் மனைவி, யாரிடமும் இல்லாமல். பிறகு என்னிடம், "ஏன் தம்பி, நான் பட்டன் அமுக்கும்போது அந்த மூல லைட்டு ஏன் மங்குது? அதுக்கும் இதுக்கும் ஒண்ணா?" என்று கேட்டார்.

பட்டறை மூலையில் ஒரு குண்டு பல்பு பகலிலும் எரியும். சாயத்தின் நிறம் பார்க்க.

"மோட்டார் ஸ்டார்ட் ஆவும்போது எல்லா லைட்டும் கொஞ்சம் மங்கும்க்கா."

"கொஞ்சம் இல்ல தம்பி. அணைஞ்சே போவுது."

அப்போதுதான் உறைத்தது. நான் கரண்ட் பார்த்ததெல்லாம் மோட்டார் சும்மா இருக்கும்போது. அது முனகும்போது ஸ்டார்ட்டரில் நான் லேம்பே வைக்கவில்லை. பயம். மூடி திறந்த ஸ்டார்ட்டர் பிடிக்கும்போது உள்ளே நெருப்புப் பொறி பறக்கும். கையை அங்கே கொண்டுபோக எனக்கு எப்போதுமே ஆகாது. சும்மா இருக்கிறவனிடம் பலம் இருக்கிறதா என்று கேட்டால் இருக்கிறது என்றுதான் சொல்வான். தலையில் மூட்டையை வைத்துவிட்டுக் கேட்க வேண்டும்.

ரப்பர் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, லேம்பு ஒயர்களை ஸ்டார்ட்டருக்குக் கரண்ட் வந்து சேரும் இடத்தில் வைத்தேன். "அமுக்குங்க அக்கா." சிவப்புக்கும் நீலத்துக்கும் நடுவில் லேம்பு எரிந்தது. நிறுத்தச் சொல்லி, ஒயரை மாற்றி வைத்தேன். சிவப்புக்கும் மஞ்சளுக்கும். "அமுக்குங்க." லேம்பு தணல் மாதிரி சிவந்து சுருங்கிப் போனது. நிறுத்தினதும் மறுபடி பளிச். மஞ்சளுக்கும் நீலத்துக்கும் வைத்தபோதும் அதே கதைதான்.

மஞ்சள் பேஸ் வந்துகொண்டிருந்தது, ஆனால் பாரம் ஏறினால் கையை விட்டுவிடுகிறது. அப்படியென்றால் குற்றம் மோட்டாரில் இல்லை, ஸ்டார்ட்டரிலும் இல்லை. அதற்கு முன்னால்.

"மொதலாளி, ஜரிகை ரூம தெறக்கணும்."

"அங்க இன்னா கீது? அதெல்லாம் நல்லாத்தான் கீது. நானே பாத்தனே."

"மெயின் சுச்ச ஒரு தடவ பாத்துட்றேன்."

அந்த அறைக்குள் வெளியாள் யாரையும் அவர் விடுவதில்லை. விட்டாலும், திரும்பி வரும்போது வாசற்படியில் நின்று வேட்டியை உதறிக் காட்டிவிட்டுத்தான் வர வேண்டும். தறிக்காரர்களுக்கு எடை போட்டு ஜரிகை கொடுக்கிற வீடுகளில் இது ஒரு முறை. யாரும் இதைத் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை என்று சொல்வார்கள். எடுத்துக்கொண்டவர்களை எனக்குத் தெரியும். இடுப்பிலிருந்த சாவியை எடுத்து முதலாளி பூட்டைத் திறந்தார். மாமா வாசற்படியிலேயே நின்றுகொண்டார்.

மெயினை அணைத்தேன். அணைத்தேனா என்று மறுபடி பார்த்தேன். டெஸ்டர் வைத்து இன்னொரு தடவை பார்த்தேன். பிறகு பீங்கான் பியூஸ்களை ஒவ்வொன்றாக உருவினேன். முதலாவதில் ஈயம் பூசின கம்பி, சரியாக இருந்தது. மூன்றாவதிலும் அப்படியே. நடுவில் இருந்ததை உருவினபோது அது என் கையில் மின்னியது.

பியூஸ் கம்பிக்குப் பதில் ஜரிகை. பல இழைகளைச் சேர்த்து அழகாக முறுக்கி, இரண்டு பக்கமும் ஸ்க்ரூவுக்கு அடியில் கொடுத்து இறுக்கியிருந்தது. ஸ்க்ரூவின் அடியில் எல்லாம் கரி.

நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். முதலாளியும் பார்த்தார்.

"அது நான்தான் போட்டேன்" என்றார். "நீ அன்னிக்கி தெள்ளாருக்குப் போயிட்ட. பீஸு போயிகினே இருந்துச்சி. கடையும் சாத்திட்டான். சரி, கம்பியவிட வெள்ளி ஒசத்திதான, கரண்டு இன்னும் நல்லாத்தான் போவும்னு போட்டேன். மூணு நாளு ஜம்முனு ஓடிச்சே!"

"மோட்டாருக்கே பட்டுப்பொடவ கட்டி உட்டுட்டீங்களே மொதலாளி!" என்று வாசற்படியிலிருந்து மாமா கத்தினார். "இனிமே அதுக்கு மாப்பிள்ள பாக்கணும்."

முதலாளியும் சிரித்துவிட்டார். சிரித்தபடியே, "வெள்ளி தப்பாப்பா?" என்று என்னிடம் நிஜமாகவே கேட்டார்.

"வெள்ளி தப்பு இல்ல மொதலாளி. வெள்ளி மேலதான் கீது. உள்ள ஓடுறது பட்டு நூலு. சூட்டுல அது கருகிப்போச்சி. ஸ்க்ரூவுக்கு அடியில கரிதான் மிச்சம். லைட்டு எரியிற அளவுக்கு தொட்டுகினு கீது. மோட்டார் இழுத்தா தாங்கல."

அவர் அந்தத் துண்டை என் கையிலிருந்து வாங்கி, உள்ளங்கையில் வைத்துக் கரியை ஊதிவிட்டு, நல்லதாக மிஞ்சின இழைகளைப் பிரித்து மடியில் முடிந்துகொண்டார். நான் புதுக் கம்பி கட்டி, ஸ்க்ரூவைத் திருகி, மறுபடி திருகி, செருகி, மெயினைப் போட்டேன். வெளியே வரும்போது வழக்கப்படி வேட்டியை உதறினேன்.

பெரியவரின் மனைவி பட்டனை அழுத்தினார். கிணற்றுக்குள்ளிருந்து முனகல் வந்து, முனகல் சீறலாகி, சீறல் ஒரே சீரான சத்தமாக மாறியது. குழாய் இருமிக் காற்றைத் துப்பிவிட்டுத் தண்ணீரைக் கொட்டியது. "எடு, எடு, ஜல்தி எடு" என்று பெரியவர் கத்தினார். அரக்குச் சிவப்பில் கழிகள் அண்டாவிலிருந்து அலசுகிற தொட்டிக்குப் போயின. கொஞ்ச நேரம் கழித்து ஒரு கழியைப் பிரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "திட்டு இல்ல" என்றார். அவர் மனைவி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

என் காயில் எரியவில்லை. நான் கட்டினது சரி. திங்கட்கிழமை இருக்கிறது. பஸ் எத்தனை மணிக்கு என்று அப்போதே யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

மாமா மடியை அவிழ்த்து நானூறு ரூபாயை எடுத்து நீட்டினார். "கணக்க பாத்துக்கங்க மொதலாளி."

முதலாளி அதைக் கையால் தள்ளினார். "நீ வை. உன் தறிக்கு அச்சு வாங்கணும்னியே, வாங்கு." என் பக்கம் திரும்பினார். "தப்பு என்னுதுப்பா. உன்ன சந்தேகப்பட்டேன். இப்படி ஒரு வேலக்காரன ராணிப்பேட்டைக்கு அனுப்பிட்டு நான் யாருகிட்ட போவேன்?"

ஜரிகை அறைக்குள் போனார். திரும்பி வரும்போது கையில் ஒரு தட்டு இருந்தது. அதில் வெற்றிலை, பாக்கு, ஒரு வாழைப்பழம், மேலே நோட்டுகள்.

"ஆயிரத்தி ஐநூறு கீது. தையில தங்கச்சி கல்யாணமாமே, உங்கம்மா அங்க இங்க கேட்டுகினு கீறாங்களாமே. நான் இல்லயா?"

தட்டில் வைத்து முன்பணம் நீட்டினால் அதை நடுவில் தொங்கவிடக் கூடாது. வேண்டாம் என்றால் அதற்கு முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும். வேலைக்காரர்கள் முன்னால் நீட்டின தட்டைத் தள்ளினால், அவர் செய்த தப்பை மன்னிக்க மாட்டேன் என்று முகத்தில் அடித்துச் சொல்வதாக அர்த்தம். நான் மாமாவைப் பார்த்தேன். அவர் கையில் அந்த நானூறு இன்னும் அப்படியே இருந்தது. அதை அவர் கொஞ்சம் கொஞ்சமாக மடியை நோக்கிக் கொண்டுபோவதைப் பார்த்தேன்.

"மாப்ள, உங்கம்மாவுக்கு ஒரு பாரம் கொறையும்" என்றார், என்னைப் பார்க்காமல்.

"வாங்கிக்கோ தம்பி. நல்ல மனசோட தராரு" என்றார் பெரியவரின் மனைவி.

எல்லோரும் நல்லதைத்தான் சொன்னார்கள். நான் ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்து கிணற்றுக்குள் மோட்டார் சத்தம் மாறின மாதிரி இருந்தது. ஸ்க்ரூவை நன்றாக இறுக்கினேனா? மிதவை ஒயரை முறுக்கினது முறுக்கினபடியே இருக்கிறதே, தொட்டி வழியுமே? காது முழுக்க அங்கே போய்விட்டது. திரும்பிப் பார்த்தபோது தட்டு என் இரண்டு கைகளிலும் இருந்தது.

"இன்னிக்கி கூலி பதினஞ்சு" என்றார் முதலாளி. "அத கழிச்சிக்கலாம்."

மிதவை ஒயரை மறுபடி மாட்டப் போனேன். மாமா என் தோளில் கை வைத்துவிட்டு, முள்ளிப்பட்டு பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கிளம்பினார். அன்று மாலை என் பேரில் நின்ற பாக்கி ஆயிரத்து எண்ணூற்று எண்பத்தைந்து ரூபாய்.